நான் ஊற்றிய தண்ணீர்

பவி,

இதை நான் போனில் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் யாராவது உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். அம்மா படித்தால் பாதியில் அழுதுவிடுவாள், உன் கல்லூரித் தோழி நஸ்ரின் படித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். போனில் அனுப்பிவிட்டால் உன் காதில் ஓடும் அந்தக் குரலே வாசித்துவிடும். முதலில் நாம் பேசுகிற மாதிரியே எழுதி, அந்தக் குரலை வாசிக்க விட்டுக் கேட்டுப் பார்த்தேன். ‘கீது’, ‘வந்துகினு’ என்று வந்த இடத்திலெல்லாம் அது திக்கித் திணறியது. அதனால் புத்தகத்தில் இருப்பது போல எழுதுகிறேன், சிரிக்காதே. யாராவது பேசியதைச் சொல்லும்போது மட்டும் பேசியபடியே எழுதுவேன். அங்கே அந்தக் குரல் தடுக்கி விழுந்தால் நீயே தூக்கி நிறுத்திக்கொள்.

திங்கட்கிழமை காலை நீ தருமபுரிக்குப் பஸ் ஏறுகிறாய். பொது சுகாதாரப் படிப்பின் கடைசிக் கட்டம், ஆறு மாதப் பயிற்சி, மலையடிவாரக் கிராமங்களில் வேலை என்று சொன்னாய். ரெண்டு வீடு தள்ளி இருந்த ரேவதி இறந்துபோன பிறகு நம் வீட்டில் சோறு, துணி, சிலிண்டர் என்பதைத் தாண்டி யாரும் எதுவும் பேசுவதில்லை. நீ இருக்கும் அறைக்குள் நான் வந்தால் என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு நிமிர்கிறாய். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறாய். நான் ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறேன். இப்படி எத்தனையோ முறை ஆகிவிட்டது. வாயால் வராததைக் கையால் எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இது.

உன் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன், உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும். நீ ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாய். என் உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நானும் உன் அம்மாவும் வெளியே நின்று, உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு அனுப்பியபோது எடை கூடிவிட்டது, தாய்ப்பால் கொடுங்கள், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். கண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ தவழும் வயதில் எதன் மீதும் பார்வை நிற்கவில்லை என்று எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்து மேசையில் வைத்தார். பிறந்த முதல் மாதத்தில் காட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அதன் பிறகு நான் உன்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். நம் ஊரில் பிள்ளைகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீ பள்ளியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டாய்: “நைனா, எல்லாரையும் அவங்க அப்பா கண்ணுன்னு கூப்புடறாங்க. என்ன மட்டும் ஏன் நீ கூப்புட மாட்டேங்கற?” “நீ பவிமா, அதான்” என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்க “கண்ணுன்னு சொல்லு, கண்ணுன்னு சொல்லு” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாய். சொன்னேன். நீ சமாதானம் ஆகி விளையாடப் போய்விட்டாய். நான் லாரிக்குள் ஏறி உட்கார்ந்து அழுதேன்.

கல்லூரியில் இந்தப் படிப்பைத்தான் படிப்பேன் என்று நீ நின்றபோது எனக்குப் பிடிக்கவில்லை. பேங்க் பரீட்சை எழுது, டீச்சர் வேலைக்குப் போ, அதில் உனக்கு இடஒதுக்கீடு இருக்கிறது என்றேன். நீதான் எனக்கு விளக்கினாய். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் அந்தக் கண் நோயின் பெயரைச் சொன்னாய். என் வாயில் அது இன்றும் நுழையவில்லை. “நைனா, இது என் கண்ணோட கத இல்ல. அந்த ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டியில வெச்ச எல்லாக் கொழந்தயோட கத. ஒருத்தர் போய் எல்லாருக்கும் கண்ணப் பாத்திருந்தா போதும். பாக்கணும்னு ஒரு ஏற்பாடு இல்ல. அந்த ஏற்பாட்டப் பண்றதுதான் இந்தப் படிப்பு” என்றாய். சேர்க்கைக்கான நேர்காணலில் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்த ஒரு பேராசிரியர் உன்னைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஃபீல்டுக்குப் போகணும் சார், வீடு வீடா ஏறணும், சாக்கடையப் பார்க்கணும், பாப்பா எப்படிச் சமாளிக்கும்?” நீ சொன்னாய்: “சாக்கடையப் பாக்க என்கூட ஒருத்தர் வந்தா போதும் சார். ஆனா வீட்டுல இருக்கறவங்ககிட்ட என்ன கேக்கணும், எந்த வரிசையில கேக்கணும்னு எனக்குத் தெரியணும் இல்லயா? அத எனக்குச் சொல்லிக் குடுங்க.” அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். உனக்கு இடம் கிடைத்தது.

இனி என் வேலையைப் பற்றி. இதை நீ அறிவாய், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். அயப்பாக்கத்தைத் தாண்டி நாம் குடியிருக்கும் இந்த மனைப்பிரிவுக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. போர் போட்டால் உப்பு. நசரத்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு, பூந்தமல்லி, திருவேற்காடு வழியாக நான் லாரியை ஓட்டிவந்து தெரு தெருவாக ஊற்றுவேன். வேறு டிரைவர்கள் அபார்ட்மெண்டுக்கும் கம்பெனிக்கும் ஓட்டினார்கள். நான் என் சொந்தத் தெருவுக்கு ஓட்டினேன். ஹாரன் அடித்ததும் குடம் குடமாகத் தெருவில் இறங்கும். “அண்ணாத்தே வந்துட்டாரு” என்று ஓடி வருவார்கள். எனக்கு அது ஒரு கௌரவம். வேறு எந்த வேலையிலும் என்னைப் பார்த்து அத்தனை முகங்கள் மலர்ந்ததில்லை.

போன மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தது. கிணற்றுக்கு மேல்பக்கம் இருந்த ஓடையில் கழிவுநீர் லாரிகள் வந்து கொட்டிவிட்டுப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன். லாரி ஓனரிடம் சொன்னேன். “மய பெஞ்சா எந்தக் கெணறும் அப்டித்தான்யா, பிளீச்சிங் பவுடர் போட்டுக்கலாம்” என்றார். போட்டார்களா என்று நான் பார்க்கவில்லை. சில நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைத்தேன்.

அப்புறம் தெருவில் ஒவ்வொருவராக மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். முதலில் அயர்ன் வண்டிக்காரர் வீட்டில், பிறகு பள்ளிப் பிள்ளைகள். ஜனங்கள் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள், நாட்டு மருந்து வாங்கினார்கள், ஹோட்டல் பிரியாணியைக் குறை சொன்னார்கள். நீ கல்லூரியில் செய்ய வேண்டிய கள ஆய்வுக்கு வேறு ஏதோ தலைப்பு எடுத்திருந்தாய். அதைப் பேராசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொண்டு, பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்த நஸ்ரினோடு நம் தெருக்களிலேயே வீடு வீடாக ஏறினாய். உன்னைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். சிலர் பாவப்பட்டு டீ போட்டுக் கொடுத்தார்கள். முனை வீட்டுப் பெரியவர் உன் காதுபடவே சொன்னார்: “இதுக்கே ஒருத்தர் கைய புட்ச்சிகினு வரணும். இது வந்து இன்னாத்த கண்டுபுடிக்கப் போவுது?” நீ அவரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டாய். உடம்பு எப்போது முடியாமல் போனது, அதற்கு முந்தின மாதம் எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து, காய்ச்சுவீர்களா. நான் வாசலில் நின்று கேட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீரைப் பற்றிய கேள்வி வரும்போது மட்டும், ‘லாரித் தண்ணி’ என்று அவர்கள் சொன்னது என் காதில் விழுந்தும் மனதில் விழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். கூடத்தில் பெரிய அட்டையை விரித்து வைத்திருந்தாய். நீ தொட்டுப் பார்ப்பதற்காக நஸ்ரின் தெருக்களைச் சணல் கயிற்றால் ஒட்டியிருந்தாள். காமாலை வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. “இன்னாடி, என் பொட்டெல்லாம் காலி பண்ணிட்டீங்க” என்று அம்மா கத்திக்கொண்டிருந்தாள். நீ என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை அட்டையின் மேல் வைத்தாய்.

“இது மெயின் ரோடு நைனா. இது கோயில் முக்கு. இங்கருந்து உன் லாரி எப்டிப் போவும்? வெரலால ஓட்டிக் காட்டு.”

நான் விளையாட்டாக, வாயால் இஞ்சின் சத்தம்கூடப் போட்டு ஓட்டினேன். விரலில் பொட்டு தட்டியது. அடுத்த பொட்டு. திருப்பத்தில் ஒன்று, அதற்கடுத்து வரிசையாக. பள்ளத்துத் தெருவில் லாரி நுழையாது, வளைவு பத்தாது. அங்கே ஆட்கள் கேன் தண்ணீர்தான் வாங்குவார்கள். அந்தக் கயிற்றில் பொட்டே இல்லை. நான் என் தெருவுக்கு வந்தபோது வாயில் சத்தம் நின்றுவிட்டது. விரலும் நின்றுவிட்டது. நீ என் மணிக்கட்டை விடவில்லை.

“நைனா, நின்னுட்ட” என்றாய்.

“இது இன்னா பவி?” என்றேன். என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நம் வீட்டில் பொட்டு இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். நீ குறைமாதப் பிள்ளை என்று அன்றைக்குத் தொடங்கிய பழக்கத்தில் அம்மா இன்றுவரை தண்ணீரைக் காய்ச்சித்தான் வைக்கிறாள்.

மறுநாள் காலை ஓனரிடம் போனேன். டீக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, “ஒரு குருட்டுப் பொண்ணு சொல்லிச்சின்னு கெணத்த மூடச் சொல்றியா? போய் வண்டிய எடுய்யா” என்றார். அது என் பெண் என்று அவருக்குத் தெரியும். நான் அந்த டீக் கிளாஸைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். வண்டியை எடுத்தேன், பவி. நிரப்பிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தேன். ஹாரன் அடிக்கவில்லை, ஆனாலும் குடங்கள் வந்துவிட்டன. எட்டு மாத வயிற்றோடு ரேவதியும் வந்தாள். “மாமா, இன்னிக்கு ரெண்டு கொடம் சேத்துக் குடுங்க, அம்மா ஊர்லருந்து வராங்க” என்றாள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “காய்ச்சிக் குடிங்க, காய்ச்சிக் குடிங்க” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். “கேஸுக்கு நீ குடுப்பியா அண்ணாத்தே?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சச் சொல்லிவிட்டோமே என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நான் உன்னிடம் கெஞ்சினேன். “ஒரு வாரம் பொறு பவி, ஓனர் கெணத்த மாத்திடுவான், நான் பேசறேன்.” நீ கேட்டாய்: “இந்த ஒரு வாரத்துல குடிக்கறவங்க?” அம்மா இடையில் புகுந்து, “பெத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போடப் போறியா?” என்று கத்தினாள். நீ எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உள்ளே நீ தட்டச்சு செய்யும் சத்தமும், அந்த இயந்திரக் குரல் ஒவ்வொரு வரியாகத் திரும்பச் சொல்லும் சத்தமும் கேட்டது. அதில் என் லாரியின் எண்ணையும் அது வாசித்தது. மறுநாள் நீ அறிக்கையைப் பேராசிரியரிடம் கொடுத்தாய், அவர் சுகாதார அதிகாரிக்கு அனுப்பினார். ஆட்கள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். மலக்கழிவு கலந்திருந்தது உறுதியானது. கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். என் வேலை போனது. நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரே தட்டில் கை நனைத்து வளர்ந்த பிள்ளையோடு, ஒரு லாரிக்காக.

அந்த மௌனத்துக்கு நடுவில்தான் ரேவதிக்குக் கண் மஞ்சளானது. அவள் உனக்கு யார் என்று ஊருக்குத் தெரியாது. ‘ரெண்டு வீடு தள்ளி இருக்கிற பெண்’ என்றுதான் தெரியும். உன் பாடப் புத்தகங்களில் போன் வாசிக்க முடியாதவற்றையெல்லாம் அவள்தான் வாசித்துப் பதிவு செய்து கொடுத்தாள். பிளஸ் டூவோடு நின்றவள். இங்கிலீஷ் வார்த்தைகளை எழுத்துக் கூட்டி, தப்பாகப் படித்துவிட்டு அவளே சிரிக்கிற சத்தம் அந்தப் பதிவுகளில் இருக்கும். குக்கர் விசில் இருக்கும். “இருடி, பால் பொங்குது” என்று பாதியில் எழுந்து போவதுகூட இருக்கும். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நீதான் அவசரப்படுத்தினாய். மந்திரிக்கப் போகலாம் என்ற அவள் மாமியாரிடம், “கர்ப்பிணிங்களுக்கு இது சாதாரணக் காமால இல்ல அத்த, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது” என்று நீ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அவள் புருஷன் சதீஷ் உணவு டெலிவரி பையைக் கழற்றாமலே ஆட்டோவில் ஏறினான். ஒருவரும் தாமதிக்கவில்லை. டாக்டர்களும் பாடுபட்டார்கள். அவளுக்கு நினைவு தப்பியது. குழந்தை உள்ளேயே போய்விட்டது, மறுநாள் அவளும் போனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் நானும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சதீஷ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வாரக்கணக்கில் பேசாதிருந்த நான் அங்கேதான் வாயைத் திறந்தேன்.

“அன்னிக்கு ஊத்துனனே, நீ சொன்ன பொறவு. ரெண்டு கொடம் சேத்து வாங்கினாளே. அதாலயா பவி?”

கைத்தடியை மடித்தாய், விரித்தாய், மறுபடி மடித்தாய்.

“இல்ல நைனா. இந்தக் கிருமி உள்ள போனா ஒடனே காட்டாது, பல வாரம் ஆவும். நான் சொன்ன பொறவு அவ காய்ச்சித்தான் குடிச்சா, எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ ஊத்துனது இல்ல. அதுக்கு முன்னாடி ஊத்துனது.”

“அதுவும் நான்தான?”

“ஆமா நைனா.”

உன் கை என் கைமேல் வந்தது. “உனக்குத் தெரியாதில்ல” என்று சொல்லவில்லை. “நீ என்ன பண்ணுவ” என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் நீ ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன். பிறகு வாழ்நாள் முழுக்க நீ சொல்லும் எதையும் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் நல்லது அதிகம் இல்லை. தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு பாதி உன்னைத்தான் பேசியது: “அப்பனயே மாட்டி உட்டவ.” நம் வாசலில் யாரோ உடைந்த குடங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓனர் வேறு பெயரில் வேறு லாரி வைத்து வேப்பம்பட்டுப் பக்கம் வேறு கிணற்றில் நிரப்புகிறார் என்று கேள்விப்பட்டேன். கழிவுநீர் லாரிகள் கொட்டுவதற்கு வேறு ஓடை கிடைத்திருக்கும். நமக்குக் குழாய் வரும் என்று பலகை வைத்தார்கள், பலகை மட்டும் இருக்கிறது. நீ சோறு தின்னாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்றாய். நான் ஏன் என்று கேட்டபோது, “அவ ஏன் செத்தான்னு எனக்கு நல்லாத் தெரியும் நைனா. தெரிஞ்சு இன்னா பண்ண? தெரியறதுக்குள்ள அவ குடிச்சு முடிச்சிட்டா” என்றாய்.

உன்னை எழுப்பியது நானோ அம்மாவோ இல்லை. பின்தெருவிலிருந்து ஒரு பெண், ஐந்தாவது மாதம், வாசலில் வந்து நின்றாள். முனை வீட்டுப் பெரியவரின் மருமகள். மாமனாருக்குத் தெரியாமல் வந்திருந்தாள். “அக்கா, எனக்கும் வாந்தியா வருது. இது அதுவா, மசக்கையா? பயமாக் கீதுக்கா” என்றாள். நீ எழுந்தாய். முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை, நஸ்ரினுக்குப் போன் போட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாய். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வைத்தாய். அடுத்த நாளே இரண்டு பேருமாக, லாரி போன தெருக்களில் இருந்த கர்ப்பிணிகள் ஒருவர் விடாமல் தேடித் தேடி அழைத்துப் போனீர்கள். சில வீடுகளில் உங்களைத் துரத்தினார்கள். மறுபடி போனீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. இன்னொருத்திக்கு இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. அதை நீ யாரிடமும் ஒரு வெற்றியாகச் சொன்னதில்லை.

இப்போது தருமபுரி. ஒரு அப்பன் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே உன்னை மரியாதையாக ஆபீஸில் உட்கார வைத்து, “நீங்க கம்ப்யூட்டர்ல என்ட்ரி மட்டும் பண்ணுங்கம்மா” என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அதற்காகக் கோபப்படாதே, ஆனால் உட்கார்ந்துவிடாதே. புது ஊரில் நடை பழகும்வரை யாராவது கையைக் கொடுத்தால் பிடித்துக்கொள், அதில் ரோஷம் வேண்டாம். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, உன் உடம்பு பசி தாங்காது. ரேவதியின் பதிவுகளை அழிக்கவும் வேண்டாம், இப்போதே கேட்கவும் வேண்டாம். ஊரில் ஏதாவது நோய் என்றால் பெரிய மனிதர்களிடம் போவதற்கு முன்னால் வண்டி ஓட்டுகிறவனிடம் பேசு. என்னைப் போல ஒருவன் அங்கேயும் இருப்பான். தண்ணீர் கலங்கியதை அவன் பார்த்திருப்பான், ஓனரிடம் ஒரு தடவை சொல்லியும் இருப்பான். நல்லவன்தான், பயந்தவன். அவனிடம் நீ என்னிடம் சொன்னது போலவே சொல். தேன் தடவாதே. சொல்லிவிட்டு உடனே எழுந்து போய்விடாதே, கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திரு. அன்று வராந்தாவில் நீ எழுந்து போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. இருந்தது. லாரி எண்ணை அந்த இயந்திரக் குரல் வாசித்த நாளில் உன்னை அடித்துவிடலாம் போலிருந்தது. இப்போது இல்லை. இருக்கிற கோபமெல்லாம் அந்த டீக் கடையில் நின்று வண்டியை எடுத்தானே ஒரு டிரைவர், அவன்மேல்தான். அவனை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை பூந்தமல்லியில் உன்னைப் பஸ் ஏற்றிவிட நான் வர முடியாது. அம்மாவும் நஸ்ரினும் வருவார்கள். அன்று காலைதான் அந்தக் கிணற்றைப் பற்றிய விசாரணைக்கு அதிகாரி என்னை வரச் சொல்லியிருக்கிறார். ஓனர் ஆள் அனுப்பினார், எதுவும் தெரியாது என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம். அம்மாவும் வாயைத் திறக்காதே என்கிறாள், தெரிந்தே ஊற்றினான் என்று என்னையும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்கிறாள். பிடிக்கலாம். மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கியது, ஓடையில் கொட்டியது, ஓனரிடம் நான் சொன்னது, நீ சொன்ன பிறகும் ஒரு நடை ஓட்டியது, எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

இதை சதீஷிடம் போய்ச் சொன்னேன். ரேவதி போன பிறகு அவன் முகத்துக்கு நேராக நான் நின்றது அதுதான் முதல் தடவை. அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன், “எத்தினி மணிக்குப் போவணும்?” என்று கேட்டான். சொன்னேன். “நானும் வரேன். என் வண்டியிலயே போயிடலாம்” என்றான். நீ பஸ்ஸில் ஏறி உட்காரும் நேரத்தில் நான் அவன் பின்னால் உட்கார்ந்து ஆவடி ரோட்டில் போய்க்கொண்டிருப்பேன். வழியில் அவன் என்ன பேசுவான் என்று தெரியவில்லை. எதுவும் பேசாமலும் வரலாம்.

நைனா